வராத சிவப்புக் கார்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

கூட்டத்தில் எழும்பி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். ஒலிவாங்கியைக் கண்டால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது என்றாலும் தமிழ் எழுத வரும். அதனால் எழுதித் தருகிறேன். யாராவது சத்தமாக வாசியுங்கள். நான் பின்வரிசையில் இருந்து கேட்பேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

றோட்டில் வாகனம் மறிக்கும் பலகை பிடிப்பது எப்படி, எத்தனை அடி தள்ளி நிற்பது என்பதெல்லாம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள், வீடியோவும் போடுகிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. பலகையைத் திருப்பு என்று பெரியவர் ஒருவர் கத்தும்போது, திருப்பாமல் நிற்பதைப் பற்றி.

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோ நகரத்துக்கு வடக்கே புது ஹைவே போட்டார்கள். அதன் எண்ணை நான் சொல்லத் தேவையில்லை. பழைய ஹைவே, ஃபோர் ஓ வண்ணில் கார்கள் மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்த காலம் அது. புது றோட்டில் சந்தி இல்லை, சிவப்பு விளக்கு இல்லை, ஏறினால் இறங்கும்வரை ஒருவரும் நிற்க வேண்டியதில்லை என்று சொன்னார்கள். அப்படி நிற்கத் தேவையில்லாத றோட்டைக் கட்டி முடிக்க, அதற்குக் குறுக்கே போன பழைய பண்ணை வீதிகள் ஒவ்வொன்றிலும் ஒருவர் வெயிலிலும் பனியிலும் நின்று வாகனங்களை மறிக்க வேண்டியிருந்தது. அப்படி நின்றவர்களில் நான் ஒருத்தி.

அதற்கு முன் நகர நடுவில் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்துகொண்டு கந்தோர்களில், அலுவலகங்களில்தான், தரை கூட்டினேன். நகரத்தின் கிழக்கு ஓரம் வோபர்னுக்கு வீடு மாறியபின் அந்த வேலைக்குப் போய்வருவது கஷ்டமாகிவிட்டது. தெரிந்தவர் ஒருவர் றோட்டு வேலை எடுத்துச் செய்யும் சின்னக் கொந்திராத்துக் கொம்பனி ஒன்றில் சேர்த்துவிட்டார். செம்மஞ்சள் மேலங்கி, காலில் இரும்பு முனைச் சப்பாத்து, தலையில் தொப்பி, கையில் தடியில் பொருத்திய பலகை. ஒரு பக்கம் சிவப்பில் ஸ்ரொப். மறுபக்கம் மஞ்சளில் ஸ்லோ, மெதுவாகப் போகலாம் என்று. வாழ்நாளில் யாரையும் அதட்டிப் பேசாதவள் நான். என் வேலை வாகனங்களை நிற்பாட்டுவது.

முதல் வாரம் நான் பலகையைப் பிடித்தேன், ஆனால் கண்ணைச் சப்பாத்தில் வைத்திருந்தேன். ஏன் என்று உங்கள் அம்மாமாருக்குத் தெரியும். ஊரில் சண்டைக் காலத்துச் சோதனைச் சாவடிகளில் நின்று நின்று பழகிய உடம்பு. மறிக்கும் இடத்தில் கண்ணைத் தாழ்த்து, கையை வெளியே தெரிய வை, கேட்டால் மட்டும் பேசு. எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பது மாறிவிட்டது. அது என் கழுத்துக்குத் தெரியவில்லை.

என்னோடு வேலை செய்தவள் ஒரு ஜமெய்க்காப் பிள்ளை. வயது இருபத்தைந்து இருக்கும், என் மூத்த மகளைவிட இளையவள். காலையில் மார்க்கம் றோட்டுச் சந்தியில் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போவாள். கடைகளில் தமிழ்ப் பெடியள் மூத்த பெண்களைக் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை அன்ரி என்றாள். அவள் பேசியது இங்கிலீஷ். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

“அன்ரி, நீ சப்பாத்தைப் பாக்கிறாய். அவங்கள் உனக்குப் பக்கத்தில இருக்கிற இடைவெளியைப் பாக்கிறாங்கள். முதல் காரில இருக்கிறவன்ர கண்ணைப் பார். அவன் வெக்கப்படுற வரைக்கும் பார்.”

பார்க்கப் பழகினேன். முகத்தைப் பார்த்து மறுக்க மட்டும் பழகவில்லை. அதற்கு ஒரு விபத்து தேவைப்பட்டது.

அப்போது நாங்கள் நின்ற இடத்தில் மண் அள்ளும் இயந்திரங்கள் வீதியைக் குறுக்கே கடக்கும். ஒவ்வொன்றும் வீட்டளவு. அவை வரும்போது கார்களை மறிக்க வேண்டும். ஒரு காலை, மறித்த வரிசையில் முதல் காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கினார். முப்பது, முப்பத்தைந்து வயது. நம் ஆள்.

“அக்கா, நீங்கள் எந்த ஊர்?”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். சொன்னேன்.

“அட, எங்கட மனிசின்ர ஊருக்குப் பக்கம்! கோயிலடியோ, பள்ளிக்கூடத்தடியோ?”

“கோயிலடி.”

“பாத்தியளே, சுத்திச் சுத்திச் சொந்தமாத்தான் வரும். அக்கா, வேலைக்குப் பிந்திட்டன். இண்டைக்கும் பிந்தினா சீட்டைக் கிழிச்சுப் போடுவாங்கள். மிசின் ஒண்டையும் காணேல்லைத்தானே. ஒருக்கா விடுங்கோவன்.”

கோயிலடி என்று சொல்லிவிட்டேன். இனி எப்படி முகத்தை முறிப்பது? இடப்பக்கம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பலகையை மஞ்சளுக்குத் திருப்பினேன்.

மண்மேட்டுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்ததை நான் காணவில்லை. இயந்திரக்காரன் பிரேக்கை மிதித்தான். அந்த மலை சறுக்கிக்கொண்டு வந்து, காரின் பின் பம்பரின் ஒரு மூலையைப் பிய்த்து எறிந்துவிட்டு நின்றது. ஒரு முழம் முன்னால் பட்டிருந்தால் கோயிலடிக்குச் செத்தவீட்டுச் செய்தி போயிருக்கும்.

அவர் இறங்கினார். பம்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு ஆர் உந்த வேலையைத் தந்தது? மிசின் வருது எண்டு பாத்து மறிக்கிறதுக்குத்தானே உங்களை உதில விட்டிருக்கு!”

அரை நிமிடத்துக்கு முன் நான் அவருக்குச் சொந்தம். எனக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை என்று கண்டபோது, கோபம் என் மேல் திரும்பியது. அவர் கேட்டது அவர் குற்றம் இல்லை. கேட்பவர்கள் கேட்பார்கள். ஜமெய்க்காப் பிள்ளை கையில் தண்ணீரைத் தந்து ஒரு வார்த்தைதான் சொன்னாள்: “அன்பா இருக்கிறதெண்டா வீட்டை போய் இரு.”

அன்றிலிருந்து யாராவது எந்த ஊர் என்று கேட்டால், வேலை முடியச் சொல்லுறன் என்பேன். இறுமாப்புப் பிடித்தவள் என்று பெயர் வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

அடுத்த வருடம் இலையுதிர் காலம். எங்களை ஒரு பாலம் கட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். பழைய பண்ணை வீதி, வரப்போகும் ஹைவேக்கு மேலால் ஏறிப் போக வேண்டும், அதற்கான பாலம். அது முடியும்வரை பக்கத்தால் ஒரு தற்காலிகப் பாதை. ஒரு வாகனம் போகும் அகலம்தான். நடுவில் மேடு, ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரியாது. வடக்கு முனையில் அவள், தெற்கு முனையில் நான். அவள் தன் பக்கத்துக் கார்களை விட்டுவிட்டு, கடைசியாகப் போகும் காரின் நிறத்தைக் கையில் இருக்கும் வோக்கி ரோக்கியில் சொல்வாள். அது என்னைக் கடந்த பிறகுதான் நான் என் பக்கத்தைத் திறப்பேன். எனக்கு நம்பர் பிளேட் வாசிக்கச் சுணங்கும். நிறம் சுணங்காது.

ஒருநாள், புது றோட்டைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றார்கள். வடக்கே ஒரு கூடாரம், பேச்சு, கைதட்டல், படம் பிடிப்பு. எங்களை மேய்க்கும் போர்மன் மேலங்கிக்குள் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அவர் போர்த்துக்கலில் இருந்து வந்தவர். நல்ல வேலைக்காரன், கை தூக்கி ஒருவரையும் அடித்ததில்லை, வாயால் எல்லோரையும் அடிப்பார். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால்தான் அவர் சத்தம் போட்டார், நான் பேசாமல் இருந்தேன்.

வோக்கியில் அவள் குரல் வந்தது: “அன்ரி, கடைசி, சிவப்புக் கார். சின்னன்.”

வெள்ளை வந்தது. ஒரு லொறி வந்தது. சாம்பல் நிறம் ஒன்று. பிறகு பாதை வெறுமை. காத்திருந்தேன். சிவப்பு வரவில்லை.

என் பக்கம் பெரியவர்களின் பஸ் வந்து நின்றது. கண்ணாடிக்குள் புத்தம்புதிய வெள்ளைத் தொப்பிகள். அதற்குப் பின்னால் இருபது, முப்பது கார். போர்மன் தன் பிக்கப்பில் இருந்து இறங்கி ஓடி வந்தார்.

“விடு, விடு! பஸ்ஸை விடு!”

“சிவப்புக் கார் வரேல்லை.”

“அது உன்னைக் கடந்து போட்டுது. நீ காணேல்லை.”

“வரேல்லை.”

வோக்கியில் அவளைக் கேட்டார். அனுப்பினேன், சிவப்பு, நிச்சயம் என்றாள். “பாத்தியா, அனுப்பிட்டாளாம்!” என்றார் என்னிடம். அனுப்பியதும் வந்து சேர்ந்ததும் ஒன்று என்பது போல.

ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்கள். ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும், உங்களுக்குத் தெரியும். பஸ்ஸின் சாரதி கையை விரித்தான். போர்மனின் முகம் சிவந்து கழுத்துப்பட்டி வரை இறங்கியது. தனக்கு நான் சொல்வது விளங்கவில்லை என்று நினைத்தாரோ, எனக்கு அவர் சொல்வது விளங்கவில்லை என்று நினைத்தாரோ, வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூன்றாவது காருக்குப் போய் ஒருவரை இழுத்துக்கொண்டு வந்தார். “இவளின்ர பாஷை தெரியுமா? சொல்லு இவளுக்கு!”

பார்த்தால், போன வருடம் நான் விட்ட அந்தக் கோயிலடி மருமகன். ஒவ்வொரு நாளும் அந்த வழியால்தான் வேலைக்குப் போவார். என்னைக் கண்டால் மறுபக்கம் பார்ப்பார், நானும் அப்படித்தான்.

“அக்கா,” என்றார் மெதுவாக, “உவர் பஸ்ஸை விடட்டாம். இல்லையெண்டா உங்கட வேலை போகப்போகுதாம்.”

“தம்பி, ஒரு கார் உள்ளுக்க நிக்குது.”

“அது போயிருக்குமாம் அக்கா.”

“போயிருக்குமோ, போட்டுதோ? கண்டவரோ எண்டு கேட்டுச் சொல்லும்.”

அவர் தலையைச் சொறிந்தார்.

“அண்டைக்கு உம்மை விட்டதுக்கு நீர் என்னைப் பேசினனீர். நல்லாப் பேசினனீர். அதைக் கேட்டபடியால்தான் இண்டைக்கு விடமாட்டன். அப்பிடியே அவருக்குச் சொல்லும்.”

அவர் போர்மனிடம் இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். தன் காரைக் கையால் காட்டினார். போர்மன் திரும்பி அந்தக் காரைப் பார்த்தார்.

“என்ன தம்பி சொன்னனீர்?”

“நீங்கள் விடமாட்டியள் எண்டு சொன்னன்.”

“அதுக்கு இவ்வளவு நேரமோ?”

“என்ர பம்பரையும் காட்டினனான்.”

வருடம் ஒன்று ஆகியும் அவர் அதைத் திருத்தவில்லை. கறுப்பு ரேப் சுற்றி வைத்திருந்தார்.

போர்மன் என்னிடம் வந்தார். முகத்துக்கு முகம். சாவடியில் நின்ற பழைய கழுத்து குனியப் பார்த்தது. குனியவிடவில்லை. என்னிடம் வாதாடப் போதிய இங்கிலீஷ் இல்லை. இருந்ததைச் செய்தேன். பலகையை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன், சிவப்புப் பக்கம் கார்களைப் பார்த்தபடி.

“யூ ஹோல்ட்,” என்றேன். “யூ ரேண்.”

நீங்கள் பிடியுங்கோ. நீங்கள் திருப்புங்கோ.

அவர் பலகையைப் பார்த்தார். பஸ்ஸுக்குள் இருந்த தொப்பிகளைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். தடியை எட்டிப் பிடித்தால் போதும், ஒரு சிறுபிள்ளைகூடப் பிடுங்கிவிடும் என்னிடம் இருந்து. இரண்டு கையையும் மேலங்கிப் பொக்கற்றுக்குள் வைத்தார். தன் மொழியில் ஒரு சொல் சொன்னார். அது நல்ல சொல் இல்லை. பிறகு பிக்கப்பில் ஏறி, விளக்குகளைப் போட்டுக்கொண்டு, நடை வேகத்தில் உள்ளே போனார்.

அந்த ஐந்து நிமிடமும் ஹோர்ன்களுக்கு நடுவில் நான் பஸ் சாரதியின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன்தான் முதலில் வேறு பக்கம் பார்த்தான்.

போர்மன் திரும்பி வந்தார். கண்ணாடியை இறக்கினார்.

“ஒண்டும் இல்லை. ஒரு கார் இல்லை, ஒரு பூனை இல்லை. வெறும் றோட்டு!”

பலகையை மஞ்சளுக்குத் திருப்பினேன். பஸ் போனது. சில தொப்பிகள் சிரித்தன. கோயிலடி மருமகன் கடக்கும்போது கண்ணாடியை இறக்கவில்லை, ஆனால் கண்டுகொண்டேன் என்பது போல ஸ்ரியரிங்கில் இருந்து இரண்டு விரலைத் தூக்கினார்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். வடக்கில் இருந்து வந்த வரிசையில், அவள் கடைசி என்று சொன்ன காருக்கும் பின்னால், ஒரு சின்னச் சிவப்புக் கார் வந்தது. சாரதி ஆசனத்தில் ஒரு வெள்ளைத்தலைக் கிழவன், அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரனாக இருக்க வேண்டும். காரை மெதுவாக்கி, பல் எல்லாம் தெரியச் சிரித்தான். புது ஹைவே பக்கம் கட்டைவிரலைக் காட்டினான்.

“நல்ல றோட்டு,” என்றான். “ஒருத்தரும் இல்லை. பறந்தன்!”

தற்காலிகப் பாதையின் நடுவில், மேட்டுக்கு அப்பால், புது ஹைவேக்கு இறங்கும் இடம் இருந்தது. தார் போட்டு முடிந்து, செம்மஞ்சள் பீப்பாய்கள் வைத்து மறித்திருந்தார்கள். கிழவன் ஒரு பீப்பாயை நகர்த்திவிட்டு உள்ளே போய், அதைப் பழையபடி வைத்துவிட்டு, அடுத்த பாலம் வரை ஓடிப் பார்த்து, திரும்பி வந்து, கார்கள் வரும்வரை காத்திருந்து அவற்றின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறான். கூடாரத்தில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்த றோட்டில் ஓடிக்கொண்டிருந்தவன் அவன்தான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பீப்பாயைத் திருப்பி வைக்கும் ஒழுக்கம் அவனுக்கு இருந்தது.

போர்மனுக்குச் சொன்னேன். “ரொறன்ரோவில ஆயிரம் சிவப்புக் கார்,” என்றார்.

வேலை முடியும் நேரம் என்னை றெயிலருக்குக் கூப்பிட்டார், றோட்டோரம் வைத்திருந்த அந்தச் சின்னக் கந்தோருக்கு. மேசையில் ஒரு தாள். பெரியவர்களின் பஸ் சுணங்கியதற்கு யாரோ விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கையெழுத்து வைக்கச் சொன்னார். நான் ஜமெய்க்காப் பிள்ளையைக் கூப்பிட்டேன். “வாசி” என்றேன். அவள் வாசித்து, எனக்கு விளங்கும் சொல்லில் சொன்னாள். கடைசிக் கார் கடந்ததை நான் கவனிக்கவில்லை, அதனால் காரணமில்லாமல் றோட்டை மறித்தேன், இனிமேல் கவனமாக இருப்பேன்.

பேனாவை எடுத்துத் தாளுக்கு மேல் வைத்தேன். கையெழுத்து வைக்கவில்லை, பேனாவைத்தான் வைத்தேன்.

“நான் காணாத காரைக் கடந்தது எண்டு எழுதமாட்டன்.”

அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள். எனக்குச் சொன்னதைவிட உரத்துச் சொன்னாள்.

“அப்ப வீட்டை போ,” என்றார் போர்மன். “தேவையெண்டாக் கூப்பிடுவம்.”

கூப்பிடுவம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு அவள் என்னை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். வீட்டில் மகள் கேட்டாள். “அம்மா, ஒரு கையெழுத்துத்தானே? வைச்சிட்டு வந்திருக்கலாமே?” வைத்திருக்கலாம். வாடகை இருந்தது, வேறு வேலை கைக்குள் இல்லை. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்து வைத்தால், அடுத்த முறை சிவப்புக் கார் வராதபோது நான் என்ன செய்ய வேண்டும்? வந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு ஆள் தேவையில்லை. பலகையை மண்ணில் நட்டுவிட்டுப் போகலாம்.

மறுநாள் காலை நான் சந்திக்குப் போகவில்லை. வழமையான நேரத்துக்கு வீட்டுக்குக் கீழே ஹோர்ன் அடித்தது. அவள்தான்.

“என்னை வர வேண்டாம் எண்டிட்டார்,” என்றேன் ஜன்னலால்.

“எனக்கு வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஏறு, அன்ரி.”

போய் இறங்கினோம். தெற்கு முனையில் ஒரு புது ஆள் பலகையோடு நின்றான். அவள் அவனைத் தாண்டிப் போர்மனிடம் நேரே போனாள்.

“என்ர கார்களை நான் இவனை நோக்கி அனுப்பமாட்டன்,” என்றாள். “வராததை வரேல்லை எண்டு சொல்லுற ஆள் அந்தப் பக்கம் நிக்கோணும். அவ நிண்டா அனுப்புவன்.”

போர்மன் எங்களைப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கழுத்துப்பட்டி இல்லை. பிக்கப்பின் பின்னால் போய், நிலம் அளப்பவர்கள் அடையாளத்துக்கு அறையும் மரக்கட்டை ஒன்றை எடுத்து, ஒரு முழ நீளத்துக்கு முறித்து, அதில் செம்மஞ்சள் நிறம் விசிறினார். ஈரம் காயுமுன் அதை அவளிடம் நீட்டினார்.

“இனிக் கடைசிக் காருக்கு இதைக் குடு. அந்தப் பக்கம் இவவிட்டைக் குடுக்கட்டும். கட்டை வராட்டி...” வசனத்தை முடிக்கவில்லை. புது ஆளிடம் போய்ப் பலகையை வாங்கி, தரையில் என் காலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. விரல்களில் செம்மஞ்சள் நிறத்தோடு அவர் நாள் முழுக்கத் திரிந்தார். அந்தத் தாளைப் பற்றிப் பிறகு ஒருவரும் பேசவில்லை.

பாலம் முடியும்வரை அந்தக் கட்டை போய் வந்தது. ஒருநாள் கடைசிக் காராகக் கோயிலடி மருமகன் வந்து, கட்டையை என் கையில் வைத்தார்.

“அக்கா, இப்ப சொந்தம் கொண்டாடலாமோ?”

“வேலை முடிய வாரும். சொல்லுறன்.”

ஹைவே திறந்து வருடக்கணக்காகிவிட்டது. நீங்கள் எல்லோரும் அதில் ஓடுகிறீர்கள். என் சொந்த மருமகனும் கிழக்கே விட்பிக்குப் போகும்போது அதில் ஏற்றிக்கொண்டு போவார். அந்தப் பாலத்துக்குக் கீழே வரும்போது நான் ஒன்றும் சொல்வதில்லை. இந்த வேகத்தில் காட்டி முடிக்குமுன் கடந்துவிடும்.

இந்தக் கதையைச் சொன்னால் சிலர், கடைசியில் வெறும் றோட்டைத்தானே மறித்தாய் என்று சிரிப்பார்கள். ஓம். வெறும் றோட்டைத்தான் மறித்தேன். அது வெறுமை என்று போர்மன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்வரை எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, பஸ்ஸில் இருந்த ஒரு தொப்பிக்கும் தெரியாது. நாளைக்கு அதே இடத்தில் நிற்க விட்டாலும் மறிப்பேன்.

உங்களுக்கும் ஒருநாள் ஒருவர் ஓடி வருவார். கழுத்துப்பட்டி கட்டியிருப்பார், அவசரம் என்பார், போயிருக்கும் என்பார். இங்கிலீஷ் தெரிந்தால் வாதாடுங்கள். தெரியாவிட்டால், கூச்சமாக இருந்தால், என்னைப் போல நாக்கு உள்ளே போய்விட்டால், பலகையை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டுங்கள். நான் வேலை செய்த இத்தனை வருடத்தில் பல பேரிடம் நீட்டியிருக்கிறேன்.

ஒருவரும் வாங்கவில்லை.